பக்கம் பதினான்கில் ஒரு பல்லி

குமுதாவிடம் எதையும் சும்மா சொல்லிவிட முடியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவ நிலையத்தின் முகப்பில் பதினேழு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் வீங்கி வருபவரிடமும் முதலில் ஐசியை, அடையாள அட்டையைத்தான் கேட்பாள். "பேரைத்தான் நானே சொல்றேனே!" என்று அவர் முனகினால், "நீங்க சொல்றீங்க அண்ணே, ஐசி சொல்லணும் லா" என்பாள்.

காலையில் கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டர் ரயிலில் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறாள். இணையக் கலைக்களஞ்சியத்தின் தமிழ்க் கட்டுரைகளைத் திறந்து, ஆதாரமில்லாத வரிகளுக்குப் புத்தகமும் பக்கமும் ஆண்டும் தேடிச் சேர்ப்பாள். கிடைக்காத வரிக்குப் பின்னால் 'சான்று தேவை' என்று ஒட்டிவிடுவாள். பத்துமலைப் படிகளின் எண்ணிக்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஏறுகிற எல்லாரும்தான் எண்ணுகிறார்களே என்று ஒருவர் சண்டைக்கு வந்தபோது, "எண்ணினவர் அச்சடித்தாரா?" என்று பதில் எழுதியவள்.

அப்படிப்பட்டவளின் சொந்தக் கட்டுரை மீது ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்புப் பட்டை விழுந்தது. டெங்கில் பக்கம் இருந்த வால்டன் தோட்டத் தமிழ்ப்பள்ளி. அவள் படித்த பள்ளி. இப்போது அந்த இடத்தில் ஒரு தாமான் குடியிருப்பும் ரவுண்ட் அபௌட்டும் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளுக்கு முன், சட்டம் தெரியாத காலத்தில், அப்பா சொன்னதை வைத்துக் கைப்பேசியில் தட்டிய முதல் கட்டுரை. 'அச்சிட்ட சான்று எதுவும் இல்லை. ஏழு நாளில் தராவிட்டால் நீக்கப்படும்' என்று எழுதியிருந்தார் திருநெல்வேலிக்கார நிருவாகி. இந்த ஏழு நாள் விதி வேண்டுமென்று அவரோடு வாதாடி வாங்கியவள் குமுதாதான்.

"நீ படிச்ச ஸ்கூலு. நீயே சாட்சி லா" என்றான் கணவன் சிவநேசன். துறைமுகத்தில் லோரிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிறவன்.

"நான் சொன்னா செல்லாதுங்க."

"ரிப்போர்ட் கார்டு இருக்கே. கணக்குல முப்பத்தொண்ணு. அதைப் போடு."

"பிரசுரமாகியிருக்கணும்."

"நல்லவேளை, ஆகல."

பள்ளி போனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் போகவில்லை. வேறு இடத்துக்கு மாறி, நான்கு ஆண்டுகளுக்கு முன் கும்பாபிஷேகமும் கண்டு, மலரும் வெளியிட்டிருந்தது. கோயில் செயலாளர் ஜெயராஜ் கிள்ளானில் கல்யாண கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு குமுதா போனாள்.

"பள்ளிக்கூடத்தைப் பத்தி இருக்கா அண்ணே?"

"ஒரு பக்கமே இருக்கு தங்கச்சி. நானே ஆராய்ச்சி பண்ணி எழுதுனது."

பக்கம் பதினான்கு. 'வால்டன் தோட்டத் தமிழ்ப்பல்லி 1936இல் தொடங்கப்பட்டது.'

குமுதா இரண்டு முறை படித்தாள். பல்லியை அவளுக்குத் தெரியும். கைப்பேசியில் அவளே தட்டிய பல்லி. மூன்று ஆண்டுகள் கட்டுரையில் ஒட்டிக்கொண்டிருந்து, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் விரட்டியது. அதற்குள் ஜெயராஜின் ஆராய்ச்சி முடிந்துவிட்டிருக்கிறது.

"பல்லின்னு இருக்கே அண்ணே."

"எந்தப் பள்ளியில இல்ல?" என்றார் ஜெயராஜ், தலையைத் தூக்காமல்.

வீட்டுக்கு வந்து சான்றுக்கான பெட்டிகளை நிரப்பினாள். நூல், பதிப்பாளர், ஆண்டு, பக்கம். எல்லாம் கச்சிதம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் அப்பா சொன்ன ஆண்டை அவள் எழுதினாள். அவள் எழுதியதை ஜெயராஜ் அச்சடித்தார். ஜெயராஜ் அச்சடித்ததால் அப்பா சொன்னது இப்போது சரி என்றாகிறது. சேமிக்கும் பொத்தானுக்கு விரல் போகவில்லை. நிரப்பியதையெல்லாம் அழித்துவிட்டு, மலரை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பழைய படம். தீமிதித் தொண்டர்கள் பள்ளியின் முன்னால் விறைத்து நிற்கிறார்கள். தலைக்குமேல் பள்ளியின் பெயர்ப்பலகை: 'நிறுவப்பட்டது 1938.'

பள்ளி பிழைக்கவேண்டுமானால் அப்பா தோற்கவேண்டும். குமுதா ஆண்டைத் திருத்தினாள், அடிக்குறிப்பில் படத்தைக் காட்டினாள். கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில், 'பக்கம் 14ஐச் சான்றாக ஏற்கவேண்டாம். அது என்னிடமிருந்து போனது' என்று எழுதினாள். திங்கட்கிழமை நிருவாகி பட்டையை எடுத்தார்.

"அப்போ உங்கப்பா சொன்னது தப்பா?" என்றான் சிவநேசன்.

"போர்டு கிடைச்ச வரைக்கும் தப்பு."

பத்து நாள் கழித்து, ரயில் ஷா ஆலாமைத் தாண்டும்போது கட்டுரையைத் திறந்தாள். 1938 மறுபடி 1936 ஆகியிருந்தது. மாற்றியது புதுப் பயனர் கணக்கு: ஜெயராஜ். சான்று: கும்பாபிஷேக மலர், பக்கம் 14. ஒரு காற்புள்ளிகூடப் பிசகாத அடிக்குறிப்பு. இவ்வளவு சுத்தமாகச் சான்று சேர்க்கும் புதியவரை ஆறு ஆண்டுகளில் அவள் பார்த்ததில்லை.

மாற்றத்தை நீக்கினாள். காரணம் கேட்ட பெட்டியில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: 'பல்லி.'

எழுத்துப்பிழை இல்லையே என்று சரிபார்த்துவிட்டுத்தான் சேமித்தாள்.