தடாவுக்கு அப்பால்

எங்கள் சிட்லபாக்கம் தெருவில் எல்லோரும் ஆபீஸ்காரர்கள். காலையானால் குடையும் டிபன் பெட்டியுமாக ஸ்டேஷனுக்கு நடப்போம். அந்தக் கூட்டத்தில் சேராதவர் தனசிங் ஒருவர்தான். லாரி டிரைவர். அவருடைய மனைவி ஞானஜோதி தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

பெண் பார்க்க வந்த அன்று ஜோதி டீச்சரின் அப்பா, "டிரைவர் உத்தியோகம்தானே?" என்று இழுத்திருக்கிறார். தனசிங் கொஞ்சமும் அசரவில்லை. "ஹெவி லைசென்ஸ் சார்! டெஸ்ட் அன்னைக்கு இன்ஸ்பெக்டர் ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். முதல் தடவை செக் பண்ண. ரெண்டாவது தடவை பார்த்து ரசிக்க!" என்றாராம். கதவுக்குப் பின்னால் நின்ற ஜோதி டீச்சர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அது அறுபத்து மூன்றாம் வருஷம்.

தனசிங்கின் முதலாளி கஸ்தூரிரங்கனுக்குக் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி லாரி ஷெட். தண்ணீர் இறைக்கும் பம்ப் செட்டுகளை ஏற்றிக்கொண்டு தனசிங் வடக்கே போவார். வாங்குகிறவர்கள் விஜயவாடா பக்கத்து விவசாயிகள். ஆனால் தனசிங் ஒரு தடவைகூட விஜயவாடாவைப் பார்த்ததில்லை. அவருடைய லைசென்ஸில் ஒரு குறையும் இல்லை. வண்டிக்குத்தான் நம் மாநிலத்துக்குள் மட்டுமே பர்மிட். எல்லையில், தடாவுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆந்திரா லாரி வந்து பின்னோடு பின்னாக நிற்கும். பம்ப் செட்டுகள் அதற்கு மாறும். அதில் வந்த குண்டூர் மிளகாய் மூட்டைகள் இதற்கு மாறும். லோடு ஆட்கள் தும்மிக்கொண்டே மாற்றுவார்கள்.

அந்த ஆந்திரா லாரியின் டிரைவர் கோட்டய்யா. ஓங்கோலுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே வீடு. வாரத்துக்கு ஒரு தடவையாவது இருவரும் எல்லையில் சந்தித்துவிடுவார்கள். மூட்டை மாறுகிற வரைக்கும் பேச்சுதான். கோட்டய்யா தமிழ் கற்றது நம்மூர் லோடு ஆட்களிடம். தனசிங் தெலுங்கு கற்றது அந்த ஊர் லோடு ஆட்களிடம். வீட்டுச் சங்கதி முழுக்க இருவருக்கும் அத்துப்படி. கோட்டய்யாவின் மனைவி ஆதெம்மா போட்ட கோங்கூரா, அதாவது புளிச்சக்கீரை ஊறுகாய் எங்கள் தெருவுக்கு வரும். ஜோதி டீச்சர் சுட்ட கிறிஸ்மஸ் அச்சுமுறுக்கு ஓங்கோலுக்குப் போகும். ஆனால் ஒருவர் வீட்டை இன்னொருவர் கண்ணால் கண்டதில்லை.

"அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்கும்னு கோட்டய்யா சொல்லிக் கேட்டுக் கேட்டு, கண்ணை மூடினா நெல்லூர் ஆத்துப் பாலமே தெரியுது சார்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். சொல்லும்போது கை ஸ்டீயரிங்கைத் திருப்புவது போலத் திரும்பியது.

எழுபத்தாறில் கஸ்தூரிரங்கனுக்கு நேஷனல் பர்மிட் கிடைத்தது. ஒரே பர்மிட்டில் ஐந்து மாநிலங்களில் ஓட்டலாம், நடுவழியில் சரக்கை மாற்ற வேண்டாம். புது லாரியின் நெற்றியில் பெயிண்டர் பர்மிட் எழுத்தை எழுதி முடிக்கும்வரை தனசிங் பக்கத்திலேயே நின்றாராம். கோட்டய்யாவிடம் மூச்சு விடவில்லை. திடீரென்று போய் அவர் வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசை.

அந்தச் சனிக்கிழமை காலையில் பம்ப் செட் லோடோடு கிளம்பினார். தடாவில் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல், செக்போஸ்ட்டில் பர்மிட்டைக் காட்டிவிட்டு வண்டியை விட்டார். "அந்த நிமிஷம் வாய் தானா பாட ஆரம்பிச்சுட்டுது சார். ஞாபகத்துக்கு வந்த சர்ச் பாட்டு அத்தனையும் பாடிட்டேன். கூட வந்த கிளீனர் காதைப் பொத்திக்கிட்டான்" என்பார்.

இங்கே அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் ஒரு பெரிய லாரி நுழைந்தது. ஆந்திரா நம்பர். நான் ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். கொத்தவால் சாவடி மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கிவிட்டு வந்த வண்டிதான். ஆனாலும் அதில் ஒட்டியிருந்த மிளகாய் நெடி, வீட்டுக்கு வீடு எல்லோரையும் தும்ம வைத்தது. மீசைக்காரர் ஒருவர் குதித்து இறங்கி, ஜோதி டீச்சரின் வாசலில் போய் நின்றார்.

"இன்னா அண்ணி, சிங்கண்ணன் வூட்ல கீறாரா? நான் கோட்டய்யா. ஓங்கோல்லேர்ந்து வந்துகீறேன்!"

இலக்கணச் சுத்தமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற ஜோதி டீச்சர் திகைத்துப்போனார். பிறகு பெயர் மனதில் பட்டதும் கையில் இருந்த கரண்டியோடு ஓடி வந்தார்.

"கோட்டய்யா அண்ணனா! ஐயோ, அவர் இன்னைக்குக் காலையிலதானே உங்க வீட்டுக்குக் கிளம்பிப் போனாரு!"

கோட்டய்யா தலையில் கை வைத்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முதலாளிக்கும் அதே மாதம் நேஷனல் பர்மிட் வந்திருக்கிறது. அவரும் வாயே திறக்கவில்லை. அவருக்கும் புது லாரிதான். நெல்லூரைச் சுற்றி எங்கேயோ ஒருவரை ஒருவர் கடந்திருக்கிறார்கள். எதிரே வந்தது யாருடைய வண்டி என்று இருவருக்குமே தெரியவில்லை.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். டீச்சரும் சிரித்தார். வேடிக்கை பார்க்க வந்த நாங்களும் தும்மலுக்கு நடுவே சிரித்தோம். அன்று ராத்திரி அவருக்கு எங்கள் வீட்டிலிருந்து ரசம், எதிர் வீட்டிலிருந்து அப்பளம், டீச்சர் வீட்டில் மீன் குழம்பு.

அங்கே தனசிங்கும் ஓங்கோல் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்து, "ஏமே! கோட்டய்யா உன்னாடா?" என்று, அவர் இருக்கிறாரா எனக் கேட்டிருக்கிறார். லோடு ஆட்கள் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டுப் பழகியவர், 'ஏமே' என்றால் 'அக்கா' என்று அர்த்தம் போல என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது 'ஏண்டி'. அந்த அம்மாள், ஆதெம்மாதான், துணியை உதறிவிட்டு எழுந்து முறைத்தாள். பிறகு மெட்ராஸ் நம்பர் பலகையைப் பார்த்தாள். பயந்து நிற்கிற மனிதரையும் பார்த்தாள். "சிங்கன்னா!" என்று கூவி, மகன்களைக் கூப்பிட்டு, ஓர் ஆள் சாப்பிட முடியாத அளவு சோற்றை இலையில் கொட்டினாளாம்.

மறுநாள் காலை, அவர் எப்போது திரும்புவார் என்று விசாரிக்கக் கோட்டய்யாவும் ஜோதி டீச்சரும் குரோம்பேட்டை ஷெட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். நாங்கள் போன சமயத்தில் டிரங்க் கால் வந்தது. விஜயவாடாவிலிருந்து தனசிங்! லோடு இறக்கிவிட்ட செய்தியைக் கேட்டுக்கொண்ட கஸ்தூரிரங்கன், ரிசீவரைக் கோட்டய்யாவிடம் நீட்டினார்.

"இன்னா சிங்கண்ணா, எங்க வூட்ல சோறு துன்னியா?"

ரிசீவர் அதிர்ந்தது.

"டேய் கோட்டய்யா! நீ எங்கடா இருக்கே?"

"உன் மொதலாளி நாற்காலில குந்திகினுகீறேன்!"

அதற்குமேல் இருவருக்கும் சிரிப்புத்தான். சிரித்தே டிரங்க் காலுக்குக் கொடுத்த மூன்று நிமிஷமும் தீர்ந்தது. காசு கட்டுகிற கஸ்தூரிரங்கனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்குப் பிறகு தனசிங் நாக்பூர் பார்த்தார், கல்கத்தா பார்த்தார். போகும்போதும் வரும்போதும் ஓங்கோலில் ஒரு வேளைச் சாப்பாடு. கோட்டய்யா வருகிற நாளில் எங்கள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வரவேற்கும்.

அடுத்த மே மாதம் ஆதெம்மா புருஷனுடைய லாரியில், முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, டீச்சருக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டே நாளில் எதைப் பற்றியோ குசுகுசுவென்று பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் பீச்சுக்குக் கிளம்பினார்கள். இரண்டு டிரைவர்களும் குளித்து, சட்டை மாற்றி, ஆளுக்கொரு சாவியோடு நான் கொண்டுபோகிறேன், நீ கொண்டுபோகிறாயா என்று தயாராக நின்றார்கள்.

"உங்க லாரி யாருக்கு வேணும்?" என்றார் ஜோதி டீச்சர். "நாங்க எலக்ட்ரிக் டிரெயின்ல போறோம்."

ஆதெம்மா அதற்குள் பூ வைத்துக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டாள்.