சூடம் ஏற்றும் முன்

கடந்த மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை காலை பத்தேகால் மணி. நானும் அப்பாவும் மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் வீட்டிலேயே மூன்று ஆண்டுகளாகச் சீரமைத்த பழைய மோரிஸ் மைனர் காரை வாங்க ஒருவர் வந்திருந்தார். நான் இலக்கியம் படிக்க விடுதிக்குச் செல்லவிருந்ததால், துணையின்றிப் பராமரிக்க இயலாதென்று அப்பா அதை விற்க இசைந்திருந்தார்.

கைமாறும் முன் சூடம் காட்ட அம்மா தீக்குச்சியை எடுத்தார்.

“அக்கா, கொளுத்தாதீங்க. பெட்ரோல் வாசம் வருது,” என்று வந்தவர் தடுத்தார்.

போனட்டைத் திறந்தோம். முந்தைய நாள் நான் மாற்றிய பெட்ரோல் குழாயின் கிளிப் இறுகாமல், பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. ‘முடிந்தது’ என்று கார் வேலைகளுக்கான குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதிவிட்டு, அம்மா அழைத்ததும் சாப்பிடப் போயிருந்தேன்.

“எழுதிட்டா முறுக்குனதா ஆயிடுமா லா?” என்றார் அப்பா.

“ஒரு கிளிப்புதானே அண்ணே, முறுக்கிட்டா நான் எடுத்துக்கிறேன்,” என்றார் வந்தவர்.

“இல்ல தம்பி, இன்னும் நெறைய வேல இருக்கு. இப்ப கொடுக்க முடியாது,” என்ற அப்பாவின் முகத்தில் அத்தனை நிம்மதி.

இப்போதெல்லாம் வேலையை முடித்து, கையைத் துடைத்த பிறகே பேனாவை எடுக்கிறேன். மறுநாள் ஞாயிறு காலையே கிளிப்பை இறுக்கி, கசிவில்லை என்று உறுதிசெய்து, ‘முடிந்தது’ என எழுதினேன். அதன் கீழே, அப்பா பார்க்கட்டுமென்று, விடுதியிலிருந்து நான் வரும் அடுத்த விடுமுறைக்கு மேலும் நான்கு வேலைகளை எழுதிவைத்தேன்.