பாபேல் கோபுரத்து மேஸ்திரி

பியூலா ஜெபக்கனி கல்யாணம் முடிந்த கையோடு ஓசூருக்கு வந்தவள். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். கணவன் ஆசீருக்கு சிப்காட்டில், கியர் செய்யும் கம்பெனியில் வேலை. அவன் ஷிப்டுக்குப் போன பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பக்கத்துக் கிறிஸ்தவப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். வேதபாட வகுப்பும் அவளிடமே வந்தது.

அந்த வகுப்பு நடந்தால் வராந்தாவுக்கே தெரியும். தானியேலின் சிங்கங்களுக்காகக் கர்ஜித்து, அடுத்த வகுப்பு டீச்சரை எட்டிப்பார்க்க வைத்தவள் அவள். யோனா கதைக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் பிள்ளைகளை டெஸ்குக்கு அடியில் நுழையச் சொன்னாள். "இப்போது நாம் மீன் வயிற்றுக்குள்ளே இருக்கிறோம். எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். "சுபாஷ் ஷூ கழட்டிட்டான் மிஸ், கரெக்டா மீன் நாத்தம் வருது!" என்றான் தானிஷ்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குக் குறை. சேர்ந்த புதிதில், "ஏட்டி, அங்கன என்னட்டி பேச்சு?" என்று அவள் கேட்டதற்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து வாயைக் கட்டிப்போட்டு, செய்தி வாசிப்பவர்களைப் போலப் பேசப் பழகிவிட்டாள். வீட்டுக்குப் போய் ஆசீரிடம் பேசினால்தான் நாக்குக்கு உயிர் வரும்.

ஆண்டு விழாவுக்கு வேதபாட வகுப்பிலிருந்து ஒரு நாடகம் வேண்டும் என்றார் தலைமையாசிரியை ரோஸ்லின். பியூலா பாபேல் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தாள். வானத்தைத் தொடும்படி கோபுரம் கட்டப் புறப்பட்டவர்களின் பேச்சைக் கடவுள் கலைத்துப்போட்டார், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் வேலை பாதியில் நின்றது என்று கதையைச் சொன்னாள்.

தளியிலிருந்து பஸ்ஸில் வரும் மாதவன் கையைத் தூக்கினான். "அதுக்கு ஏன் மிஸ் வேலைய நிறுத்தணும்? பக்கத்துல இருக்கறவனக் கேட்டா அவன் சொல்லிட்டுப் போறான்."

"அவனுக்கும் புரியவில்லையே."

"அப்ப அதுக்கு அடுத்தவன் மிஸ்!"

ஒத்திகையில் அவன் சொன்னதுதான் நடந்தது. எல்லையோர ஊர்ப் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்துப் பாஷையெல்லாம் பழக்கம். ஆசீர் கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த அட்டைப்பெட்டிகள்தான் செங்கல். மாதவன் கன்னடத்தில் செங்கல் கேட்டு, "இட்டிகே தகொண்டு பா" என்றால், தானிஷ் யோசிக்காமல் பெட்டியைத் தூக்கி வருவான். சுபாஷ் தெலுங்கில் தண்ணீர் கேட்டால் நாலு பேர் பாட்டிலை நீட்டுவார்கள். "புரியாத மாதிரி விழியுங்கள்" என்று பியூலா கெஞ்சினாள். "புரியுதே மிஸ்!" என்று பிள்ளைகள் பரிதாபமாக நின்றார்கள். கோபுரம் மட்டும் நாளுக்கு நாள் அழகாக எழும்பிக்கொண்டிருந்தது.

விழா நெருங்கியபோது உடை போட்டு ஒத்திகை பார்த்தார்கள். தானிஷுக்கு அவன் அப்பாவின் லுங்கி. பெட்டியோடு நடந்தவனுக்கு இடுப்பு முடிச்சு நழுவியது. பதறிப்போன பியூலா தன்னை மறந்து, "ஏலே, சாரம் அவுருதுல! வெரசா இறுக்கிக் கெட்டு!" என்று கத்திவிட்டாள்.

சாரம் என்றால் தானிஷுக்குக் கட்டடத்தில் கட்டும் மூங்கில் சாரம்தான். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மேடைக்கு வைத்திருந்த மூங்கில் கழியின் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினான். லுங்கி காலடியில் விழுந்தது. உள்ளே அரை டிராயர் இருந்ததால் மானம் தப்பியது.

எல்லாரும் விழித்தார்கள். சத்யப்ரியா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டேய், மிஸ் லுங்கியச் சொன்னாங்க! எங்கம்மா இப்டித்தான் பேசும்!"

பியூலா அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. கலைந்துபோன பாஷை கிடைத்துவிட்டது. சத்யப்ரியாவை மேஸ்திரி ஆக்கினாள்.

விழா அன்று ஷாமியானா நிறைந்திருந்தது. கன்னடமும் தெலுங்கும் உருதும் மேடையில் ஒலிக்க, கோபுரம் மளமளவென்று ஏறியது. பின்னால் இடி முழங்கியது. முண்டாசு கட்டிய சத்யப்ரியா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள்.

"ஏலே மூதி, வெரசா ஏறுல! கருக்கலுக்குள்ள முடிக்காண்டாமா? சாரத்த இறுக்கிக் கெட்டுல!"

வேலைக்காரர்கள் திக்குமுக்காடினார்கள். ஒருவன் தண்ணீர் கொண்டுவந்தான், ஒருவன் செங்கல்லைப் பிடுங்கினான், தானிஷ் மூங்கிலை இழுத்தான். அது ஒத்திகையில் இல்லாத வேகம். கோபுரம் நிஜமாகவே சரிந்து, பெட்டிகள் முன்வரிசை வரை உருண்டன. ரோஸ்லின் மேடம் மடியில் விழுந்த பெட்டியை அணைத்தபடி கண்ணீர் வரச் சிரித்தார். கடைசி வரிசையிலிருந்து விசில் பறந்தது. தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தன.

கூட்டம் கலைந்ததும் சத்யப்ரியாவின் அம்மா ராசாத்தி ஆளை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சரு, எம்மவ சொன்னா. நீங்க நம்ம பக்கமாமே? எந்தூரு?"

"நாங்குநேரிப் பக்கம்க்கா. ஒங்களுக்கு?"

"களக்காடு! இந்தா இருக்கு! யாரு மவ நீங்க?"

பியூலா அப்பா பேரைச் சொல்ல, ராசாத்தி பெரியப்பா பேரைக் கேட்க, தெருவும் கோயிலும் சர்ச்சும் குளத்துக்கரையும் ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளைகள் பெட்டிகளை மறுபடி அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கேட்டருகே ஆசீர் பைக்கோடு காத்திருந்தான்; ஹாரன் அடித்துப் பார்த்தான். பியூலா திரும்பாமலே, "இந்தா வாரேன், செத்த நேரம் இருங்க!" என்று பள்ளிக்கூடமே கேட்கக் குரல் கொடுத்துவிட்டு, ராசாத்திக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.