கை படாத வகை

என் நாத்தனார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் முதலில் பார்ப்பது பாத்திரத்தைத்தான். சாப்பாடு என்ன என்று அப்புறம்தான் கேட்பார். "இந்த பிளாஸ்டிக் டப்பாவுல சூடா ஊத்தினியா?" என்பார். "இல்ல அண்ணி, ஆறவெச்சுத்தான் ஊத்தினேன்" என்றால், என் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். நம்பவில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சமைத்தவள் நான், இவர் என்ன கோர்ட்டா நடத்துகிறார் என்று அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுவேன். அந்தச் சத்தத்தையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

ஆபீஸில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. வேலையே அப்படி. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ரசாயனங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் கம்பெனி அது. ஒவ்வொரு சரக்கும் உள்ளே வருவதற்கு முன்னால், அது எந்த ஆபத்து வகை என்று கம்பெனியே தீர்மானித்தாக வேண்டும் என்பது சட்டம். தீர்மானிப்பவர் இவர். கடைசி வகை என்றால் அரசாங்கத்துக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டுக் கொண்டுவந்துவிடலாம். நடு வகைக்கு முன்கூட்டியே விவரம் கொடுக்க வேண்டும். முதல் வகை என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போச்சு. அரசாங்க ஆட்கள் ஆராய்ந்து முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு உள்ளே வராது. விற்பனை மேனேஜர் வாடிக்கையாளரிடம் மாதக் கணக்கில் அசடு வழிய வேண்டியதுதான்.

விஷம் அதிகமானது முதல் வகை, குறைவானது கடைசி வகை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அண்ணி எனக்குப் புரியவைத்தார்.

"பொருள் எவ்வளவு பொல்லாததுன்னு மட்டும் பார்க்க மாட்டோம். அது ஆளுங்க மேல எவ்வளவு படும்னு சேர்த்துப் பார்ப்போம். கூண்டுல பூட்டின புலி கடைசி வகை. தெருவுல திரியுற நாய் அதுக்கு மேல. கூண்டு நிஜமாவே பூட்டியிருக்கான்னு பார்க்கிறதுதான் என் வேலை."

"பூட்டியிருக்குன்னு மேனேஜர் சொன்னா?"

"மேனேஜர் விக்கிறவர். அவர் பூட்டியிருக்குன்னுதான் சொல்வார்."

அதனால் நேரில் போவார். பெயிண்ட் தயாரிக்கிற இடம், தோல் பதனிடுகிற இடம், துணிக்குச் சாயம் போடுகிற இடம் என்று எல்லா இடத்துக்கும் கைப்பையில் ஒரு டார்ச்சும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போய் நிற்பார். இயந்திரத்தின் மூடி ஓரத்தில் துணியைச் சுற்றிப் பிடித்துவிட்டு முகர்ந்து பார்ப்பார், அதுவும் தூரத்திலிருந்து. கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் ஒரு குப்பியை நீட்டி, வாசனையை வைத்து என்னவென்று சொல் என்றாராம். "நீங்க முதல்ல மோந்து பாருங்க சார்" என்றாராம் இவர். வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணிக்குச் சிரிப்பு வரும்.

இப்படிப்பட்டவர் சந்தேகப்படாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அப்பா அம்மா போனபின் தம்பியை வளர்த்து, தொழிற்பயிற்சி படிக்கவைத்து, வேலையில் சேர்த்துவிட்டவர் அண்ணிதான். கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை அக்கா கேட்ட கேள்விகளில் அவர்களே எழுந்து போய்விட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில்தான் அண்ணி குடியிருக்கிறார். தம்பி எது சொன்னாலும் சரிதான் அவருக்கு. என்னிடம் பருப்பு டப்பாவுக்குக்கூட விசாரணை உண்டு, தம்பியிடம் ஒன்றும் கிடையாது. எனக்கு அதில் பொறாமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு உலோக உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. கடைந்தெடுத்த பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ அங்கே ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார்கள். அதற்கு வேண்டிய திரவத்தை விற்க வந்தது அண்ணியின் கம்பெனி. மேனேஜர் வழக்கம்போல, "முழுக்க மூடின மெஷின் மேடம், யார் கையும் படாது" என்றார். அண்ணி நம்பவில்லை. டார்ச்சும் துணியுமாக அரை நாள் அந்த இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடி திறந்தால் மோட்டார் தானாக நிற்கிறதா, ரப்பர் வளையத்தில் விரிசல் இருக்கிறதா, ஆவி எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூடவே நின்று ஒவ்வொரு திருகாணியையும் காட்டிக்கொடுத்தவர் இவர்தான். எல்லாம் சரியாக இருந்தது. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே அண்ணி சொன்னார்.

"கடைசி வகைதான்டா போடப்போறேன்."

"அப்ப பயமில்லையாக்கா?"

"மெஷின் அருமையா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல."

அக்கா ஒரு பொருளுக்குக் கடைசி வகை கொடுப்பது அபூர்வம். தொழிற்சாலை முழுக்க இவர் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு சில மாதம் போயிருக்கும். எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. ஒரு மெக்கானிக்கின் பெண்டாட்டிக்கு மட்டும்தான் வரக்கூடிய சந்தேகம் அது. இவர் கைகள் சுத்தமாகிவிட்டன.

கல்யாணமான நாளிலிருந்து அந்த நகக்கண்களில் கருப்பு மை போல எண்ணெய் அழுக்கு ஊறிக் கிடக்கும். சோப்பு, எலுமிச்சை, சலவைத்தூள் எதற்கும் அசையாது. தலையணை உறையில் கறை பார்த்துப் பார்த்து நான் அலுத்துப்போய்விட்டேன். அந்தக் கைகள் இப்போது ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவர் கைகள் மாதிரி வெளுத்துக் கிடந்தன. சட்டையில் வேறு லேசாக ஒரு இனிப்பு வாசனை. செண்ட் மாதிரியும் இல்லை, பழம் மாதிரியும் இல்லை. யாருக்காக இந்த அலங்காரம் என்று என் மனசு கிடந்து அரித்தது. போனை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

"கை ரொம்பப் பளபளன்னு இருக்கே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கழுவினா பளபளன்னுதான் இருக்கும்" என்றார்.

"இத்தனை வருஷம் கழுவாமலா இருந்தீங்க?"

அவர் குனிந்து சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடவிக்கொண்டிருந்தார். எங்கோ போகிற அவசரம் என்று நான் நினைத்தேன். அந்த வாரமே ஒரு டம்ளரைக் கீழே போட்டார். இன்னொரு நாள் அடுப்பிலிருந்து கொதிக்கிற பால் பாத்திரத்தை வெறும் கையால் தூக்கி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல நடந்து போனார். வீறாப்பு காட்டுகிறார், குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் என்று நான் கணக்குப் போட்டேன்.

யாரிடம் போய்ச் சொல்வேன்? சந்தேகத்துக்கென்றே பிறந்தவர் மேல் மாடியில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி ஏறினேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். வெளுத்த கை, இனிப்பு வாசனை, பொத்தான், பால் பாத்திரம்.

"வேற பொம்பளை யாரோ இருக்கா அண்ணி. நீங்க கேட்டா உங்ககிட்ட மறைக்க மாட்டார்."

அண்ணி மடித்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே கையில் நின்றது. முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். தம்பியைச் சொன்னதும் அவருக்குப் பொறுக்கவில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"பால் பாத்திரம் சுட்டுச்சுன்னு சொன்னானா?" என்றார்.

"இல்லையே. அதான் சொல்றேனே, வீறாப்பு."

அண்ணி செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கினார்.

இவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கையைக் காட்டுடா" என்றார் அண்ணி. சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். தோல் காய்ந்து, விரல் நுனிகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தன. அண்ணி தொடவில்லை. குனிந்து, தூரத்திலிருந்து முகர்ந்தார்.

"எதுல கழுவுற?"

இவர் சிரித்தபடி ஸ்கூட்டர் சீட்டைத் திறந்தார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மேல் நிறமில்லாத திரவம். மூடியைத் திறக்காமலே அந்த இனிப்பு வாசனை எனக்கு வந்துவிட்டது.

"மெஷினுக்கு அடியில ஒரு குழாய் இருக்குக்கா. பழைய திரவத்தை மாத்துறப்ப திறக்கிறது. சாயங்காலம் கிளம்புறப்ப எல்லாரும் அதுல ஆளுக்குக் கொஞ்சம் புடிச்சு கை கழுவிக்குவோம். ஒரு நொடியில பிசுக்கு பறந்துடும். இவளும் கறை கறைன்னு தினம் பாட்டு பாடுறா இல்ல, அதான் வீட்டுக்கும் கொஞ்சம்."

"நரம்பைத் தின்னுற சரக்குடா அது" என்றார் அண்ணி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அப்போதும் உயரவில்லை. "கையில யாருடா ஊத்திக்கச் சொன்னா?"

இவர் முகத்தில் நிஜமாகவே குழப்பம். "நீதானேக்கா சொன்ன, கடைசி வகைன்னு. உன்னை மாதிரி சந்தேகப்படுற ஆளே பயப்பட ஒண்ணுமில்லன்னா, அப்புறம் என்னன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அண்ணி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். யார் கையும் படாது என்பதால் கொடுத்த வகையைக் கேட்டுவிட்டு, கையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். என் சந்தேகம் அங்கேயே செத்தது. வேறு பொம்பளை யாரும் இல்லை என்று நிம்மதி வந்தது, அடுத்த கணமே, ஐயோ, பொம்பளையாகவே இருந்திருக்கக் கூடாதா என்றும் தோன்றியது.

மறுநாள் அண்ணி ஆபீஸுக்குப் போய் அந்தத் திரவத்தை முதல் வகைக்கு மாற்றினார். வந்துகொண்டிருந்த சரக்கை நிறுத்தச் சொல்லி, அரசாங்கத்துக்கும் தானே தகவல் சொன்னார். மேனேஜர் குதித்திருக்கிறார். நடந்ததை அண்ணியே வந்து சொன்னார், மிச்சம் வைக்காமல்.

"நீங்கதானே மேடம் மெஷினைப் பார்த்துட்டு கடைசி வகை போட்டீங்க?"

"ஆமா. மூடியைப் பார்த்தேன். அடியில இருந்த குழாயைப் பார்க்கல. தப்பு என்னோடது."

"உங்க தம்பிக்காக மாத்துறீங்கன்னு எல்லாரும் பேசுவாங்க."

"பேசட்டும். தம்பி கையிலதான் கண்டுபிடிச்சேன். மத்தவங்க கையையும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க."

இயந்திரம் நின்றது. கூட வேலை செய்தவர்களில் இன்னும் சிலருக்கும் விரல் மரத்திருந்தது தெரிந்தது. அப்படியும் இவரிடம்தான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்றார்கள். நீ சொன்னாய் என்றுதானே கழுவினோம் என்பது ஒரு குற்றச்சாட்டு, உன்னால்தான் மெஷின் நின்றது என்பது இன்னொன்று. இவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர், நரம்பு மெதுவாகத்தான் தேறும், முழுக்கத் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கையால் பிழைக்கிற மனுஷனிடம் இதைவிட மோசமாக என்ன சொல்லிவிட முடியும். எனக்கு அண்ணி மேல் கோபம் இருந்தது. கையில் படக் கூடாது என்று ஒரு வார்த்தை கூடவே சொல்லியிருந்தால் என்ன என்று மனசுக்குள் நூறு தடவை கேட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

இப்போது எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அண்ணி முதலில் இயந்திரத்தைப் பார்ப்பதில்லையாம். ஆட்கள் கை கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டு, நேராக அங்கே போய் நின்றுவிடுகிறாராம். சோப்பு இருக்கிறதா, பக்கத்தில் பேர் எழுதாத பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாராம். மேனேஜர் தலையில் அடித்துக்கொள்கிறார் என்று கேள்வி.

தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் அண்ணி எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பிக்கு எதிரே உட்காருவார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி, இவர் கண்ணை மூடிக்கொண்டு கையை மேசைமேல் விரித்து வைக்க, அண்ணி பென்சில் முனையால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டுக் கேட்பார்.

"தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லக்கா."

ஆரம்பத்தில் எல்லாமே இல்லை. போன வாரத்திலிருந்து இவர் ஒன்றிரண்டு விரலுக்குத் தெரியுது என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி மட்டும் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிளாஸ்டிக் டப்பா விஷயத்தில் என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை.

நேற்று நான் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் நின்றேன். இவர் கண்ணை இறுக மூடியிருந்தார். அண்ணி கட்டைவிரலைத் தொட்டார், இல்லை. சுட்டுவிரலைத் தொட்டார், இல்லை. நடுவிரலுக்கு வந்தபோது பென்சில் இறங்கவில்லை. விரலுக்கு மேலே, எதிலும் படாமல், காற்றில் நின்றது.

"தெரியுதா?" என்றார் அண்ணி.

"தெரியுதுக்கா" என்றார் இவர். "நல்லாவே தெரியுது."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் காப்பி டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"நல்லதுடா" என்று சொல்லிவிட்டு அவர் பென்சிலை அடுத்த விரலுக்குக் கொண்டுபோனார்.