பாறை மேல் நின்ற வெயில்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிய கோடையில், நைனா எங்களைச் செஞ்சியில் கொண்டுவந்து விட்டார். அம்மா, நான், கைக்குழந்தையாக இருந்த தங்கை. செஞ்சியில் பெரியப்பா வீடு இருந்தது. நைனாவுக்கும் அதுதான் பிறந்த ஊர். உயிர் தப்பி வந்துவிட்டோம் என்று அம்மா நிம்மதியாக இருந்தாள். எனக்கோ அது நாடு கடத்தலாகத்தான் இருந்தது.

மெட்ராஸ் மேல் எனக்கிருந்த ஆசையைச் சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. நாங்கள் சமணர்கள். பொழுது இறங்கியபின் சாப்பிட மாட்டோம். நைனா பாரிமுனைப் பக்கம் ஒரு காகித மண்டியில் கணக்கு எழுதினார். விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் கடை அடைப்பார்கள். அதனால் அவருடைய சாயங்காலச் சாப்பாட்டை வெயில் இருக்கும்போதே கடைக்குக் கொண்டுபோவது என் வேலை. தங்கசாலைத் தெருவிலிருந்து தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பினால், அந்த நேரத்துக்கு ஊரே என்னுடையது. டிராமின் மணி, ஐஸ் வண்டிக்காரனின் கூவல், பூக்கடையில் தெளித்த தண்ணீரின் வாசனை, பித்தளைப் பாத்திரக் கடைகளின் சத்தம். தெருமுனை திரும்பியதும் கடற்காற்று வந்து சட்டைக்குள் புகுந்துகொள்ளும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எனக்காகவே ஊதுவதுபோல் நின்று கேட்பேன். மண்டியின் பின்கட்டில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே நைனா உட்கார்ந்து சாப்பிடுவார். நான் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பேன். அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

செஞ்சியில் பார்ப்பதற்கு மலைதான் இருந்தது. ராஜாக்கள் கட்டிய கோட்டை என்று பெரியப்பா பெருமையாகக் காட்டினார். யாரோ பாறைகளைக் கொட்டிவிட்டு எடுத்துப்போக மறந்ததுபோல் எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறை, அதற்குப் பிறகு என்னை விடவில்லை. வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றால் போதும்.

“வாங்க மெட்ராஸ் தொரை, டிராம் வந்துட்டுது. ஓடியாந்து ஏறிக்கிங்க” என்பாள்.

அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் வெயில் பார்ப்பது. கோட்டை மலையான ராஜகிரி ஊருக்கு மேற்கே இருப்பதால் சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடும். ஊர் முழுக்க நிழல் விழுந்தாலும் அது அஸ்தமனம் இல்லை. அதனால் பெரியப்பா வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாராவது மாடியில் ஏறிக் கிழக்கே பார்க்க வேண்டும். அங்கே வயல்களுக்கு அப்பால் ஒரு பாறைக் குன்று இருந்தது. அதன் தலையில் வெயில் தெரியும் வரை கீழே பரிமாறலாம். வெயில் போய்விட்டால் மாடியிலிருந்து குரல் வரும், இலையை மடக்கிவிடுவார்கள். மெட்ராஸ் வடகிழக்கே இருக்கிறது என்பதால் நான் எப்படியும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அதைப் பார்த்து பெரியப்பா அந்த வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமைகளில் நைனா வருவார். திண்டிவனம் வரை ரயில், அங்கிருந்து கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு புகை கக்கும் பஸ். பெட்ரோல் இல்லாத காலம். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் முகம் கழுவுவதற்குள் நான் கேள்விகளைத் தொடங்கிவிடுவேன்.

“டிராம் ஓடுதா நைனா?”

“ஓடாம? எனக்கு நிக்கவே எடம் கெடைக்கல.”

“சிங்கம் எப்பிடி இருக்குது?”

மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலைச் சிங்கத்தைத்தான் கேட்டேன். நைனா சற்று நேரம் துண்டால் காதைத் துடைத்தார்.

“நேத்துகூட கத்திச்சு. நம்ம தெரு வரைக்கும் கேட்டுது.”

குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று அந்தச் சிங்கத்தையும் மற்ற கொடிய மிருகங்களையும் அதற்கு முன்பே சுட்டுவிட்டிருந்தார்கள். எறும்பை மிதிக்காமல் நடக்கிற நைனா அந்தச் செய்தியை எப்படி விழுங்கினாரோ தெரியாது. எனக்காக அவர் அதை வாராவாரம் கத்தவைத்துக்கொண்டிருந்தார்.

நான் அதையெல்லாம் நம்பினேன். ஊர் நன்றாக இருக்கிறது; டிராம் நிரம்பி வழிகிறது; நாங்கள் மட்டும் இங்கே பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நைனாவுக்குச் செஞ்சி மேல் ஒரு வெறுப்பு வந்தால் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ் தாமதம். மலை சூரியனை மறைத்தபிறகுதான் நைனா வந்தார். அம்மா அவசர அவசரமாக இலை போட்டாள். அவரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம், நெய் காயும் வாசனை மாடிவரை வந்தது. நான் வழக்கமான இடத்தில் நின்றிருந்தேன். குன்றின் தலையில் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் வெயில் பளிச்சென்று இருந்தது. ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும் அளவுக்கு அது நின்றிருக்கும்.

“டேய், வெயில் இருக்குதா?” என்று கீழேயிருந்து பெரியப்பா கேட்டார்.

“போயிட்டுது பெரியப்பா” என்றேன்.

சொல்லும்போது நடுக்கமோ தயக்கமோ இருந்ததாக நினைவில்லை. இருந்ததாக எழுத எனக்கு ஆசைதான்.

சந்தேகப்பட்டு அக்கா மாடியேறி வந்தாள். கிழக்கே பார்த்தாள்.

“அது இன்னாடா அது?”

“வெயில் இல்ல. அந்தப் பாறையே அந்த நெறம்.”

“பொறந்ததுலேர்ந்து பாத்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாத பாறையா? மெட்ராஸ்ல பாறைய எங்கடா பாத்தே நீ?”

அவள் கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே கத்தினாள். “சித்தப்பா, உக்காருங்க! வெயில் நல்லாவே இருக்குது. இவன் புளுகறான்!”

முற்றத்தில் நைனா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். இலையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு மாடியை நிமிர்ந்து பார்த்தாள். நைனாவும் பார்த்தார், அக்காவை அல்ல, என்னை.

“பாக்கறதுக்குன்னு அவனத்தான வெச்சிருக்குது? போயிட்டுதுன்னு புள்ள சொல்லிட்டான். அப்புறம் இன்னா?” என்றார். தண்ணீர் மட்டும் குடித்தார். அம்மா அந்த இலையை அப்படியே எடுத்துப்போய் மாட்டுக்கு வைத்தாள். அக்கா என் மண்டையில் ஒரு குட்டு வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதற்குப் பிறகும் குன்றின் மேல் வெயில் இருந்தது. எனக்கே அது எப்போது போகும் என்று ஆகிவிட்டது.

இருட்டுவதற்கு முன் நைனா கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போட்ட கணக்கின் விடையை எதிர்பார்த்துக் கேட்டேன்.

“மெட்ராஸா இருந்தா இந்நேரம் சாப்ட்டிருப்பீங்க இல்ல, நைனா?”

அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

“அங்க இருந்தா ரெண்டு தடவ சாப்ட்டிருப்பேன்டா.”

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, கடற்கரையில் காற்று எப்படி அடிக்கிறது, ஐஸ் வண்டிக்காரன் என்னைப் பற்றி என்ன விசாரித்தான் என்றெல்லாம் சொன்னார்.

அந்த மாதங்களில் அவர் எப்படி வாழ்ந்தார் என்று நான் காலேஜில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். முதலாளி ஊருக்குப் போய்விட்டார். கடைக்குக் காவல் நைனா ஒருவர். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவர் சாப்பிடக்கூடிய ஓட்டல்களையும் அடைத்துவிட்டார்கள். காலையில் ஒரு கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுக் கிளம்புவார். சனிக்கிழமை மதியம் தவிர கடையை விட்டு நகர முடியாது. வீடு திரும்பும்போது பொழுது இறங்கியிருக்கும். சாயங்காலச் சாப்பாடு கொண்டுபோகிறவன் செஞ்சியில் மாடி மேல் நின்றுகொண்டிருந்தான். வாரம் முழுக்க அரைவயிறாகக் கிடந்து, சனிக்கிழமை செஞ்சியில் போடும் அந்த இலை முன்னால்தான் அவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

இதைத் தெரிந்துகொண்டபோதும் அன்று நான் பொய் சொன்னதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் போய் வெகு காலமாகிறது. நான் இன்னமும் மெட்ராஸில்தான் இருக்கிறேன். இந்த ஊர் மேல் உள்ள ஆசை குறையவில்லை. அதில் ஒரு பங்கு நைனா எனக்காகச் சொன்ன பொய்களால் ஆனது என்று தெரிந்தும் குறையவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை, வெயில் நன்றாக ஏறியதும் அம்மா பொங்கல் வைத்தாள். நைனா இலை முன் உட்கார்ந்து நிமிராமல் சாப்பிட்டார். அம்மா போடப் போட வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் என்று அவர் வாயால் கேட்டதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். பெரியம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை வழித்துக்கொண்டு வந்தாள். அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூணில் சாய்ந்து, ஒரே ஒரு வேளை சாப்பிடாததற்கே இப்படியா என்று ஆச்சரியப்பட்டேன்.