பதினேழு நாள் நாக்கு

கலீலுல்லா பாயைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. அவரிடம் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். அதனால் நானே சொல்கிறேன்.

மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் நான் வேலை பார்த்த தோல் பட்டறைக்கு எதிர்ச் சந்தில், ஊர்க்காரர்கள் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தார். மனைவி மக்கள் ஊரில். தோளில் துணிப்பை, பைக்குள் தேயிலைத்தூள். செம்பூர், கோவண்டி, மாட்டுங்கா என்று வீடு வீடாகப் போவார். தூள் விற்கிறவன் பம்பாயில் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் பாய் புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் பையை அவிழ்க்கவே மாட்டார். "ஒரு பாட்டில் தண்ணி குடுங்கம்மா" என்பார். அந்தத் தண்ணீரை அறைக்குக் கொண்டுவந்து, அதிலேயே டீ போட்டுக் குடித்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி தூள் கலப்பார். செம்பூரில் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீட்டுக்கு ஒரு கலவை, கோவண்டிக் குழாய்க்கு இன்னொரு கலவை. இது என்ன கிறுக்குத்தனம் என்று நான் கேட்காத நாள் இல்லை.

"தண்ணி எப்படின்னு தெரியாம தூள் குடுக்கச் சொல்லுதீரா? நீரு கால் அளவு கேக்காம செருப்பு தைப்பீரா வே?" என்பார்.

அறுபத்தேழாம் வருஷம், டிசம்பர். பாய்க்கு வலது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது. ரயில்வே ஸ்டேஷனில் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்குவார். அந்த நேரம் பார்த்து மாட்டுங்காவில் மெஸ் நடத்திய மீனாட்சியம்மாள் கூப்பிட்டனுப்பினார். நாற்பது ஆபீஸ்காரர்கள் சாப்பிடுகிற இடம். ஜனவரி முதல் தேதியிலிருந்து புது ஆளிடம் தூள் வாங்கப் போகிறாராம். காலைக்குச் சாதா டீ, சாயங்காலத்துக்கு எலுமிச்சைப்புல் போட்ட டீ, இருமல்காரர்களுக்குச் சுக்குமல்லி. மூன்றும் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்கப் பாயிடமே வாங்குவார். இது கிடைத்தால் பாய் தெருத் தெருவாக நடக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் கலந்து அனுப்பிவிடலாம். அந்தக் காலுக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் ரமலான் மாதம். பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அறையில் இருந்த எல்லோருமே நோன்பாளிகள்.

"நோன்பு திறந்த பெறவு ருசி பாரும்" என்றேன்.

"நாள் பூரா பட்டினி கெடந்த நாக்குக்குக் கழனித்தண்ணியும் இனிக்கும் வே. அத நம்பப்பிடாது. விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எந்திச்சா மீன் குழம்பு நாக்கு. வெறும் வயித்துல, காலைல பாக்கதுதான் ருசி."

"அப்போ நாக்குல வச்சுத் துப்பிரும்."

"இருவது வருஷமா விழுங்கிப் பழகுன தொண்ட. ஒரு சொட்டு எறங்கிட்டா? நீரு எனக்கு நாக்கா இரும், சுயம்பு. ஆனா இந்த மாசம் பொகையில தொடப்பிடாது."

சத்தியம் செய்தேன். என் குலதெய்வத்தின் பேரைச் சொல்லிச் செய்தேன், பாவி.

தோல் பட்டறையின் நாற்றம் உங்களுக்குத் தெரியாது. வாயில் புகையிலை இல்லாமல் அங்கே அரைநாள் நிற்க முடியாது. முதல் நாளே மத்தியானம் வெற்றிலைக்குள் ஒரு துண்டை ஒளித்துப் போட்டுவிட்டேன். பிறகு இரவிலும் போட்டேன். காலையில் வேப்பங்குச்சியால் நாக்கை உரசிக்கொண்டு பாய் முன்னால் போய்ச் சப்பணமிட்டு உட்காருவேன். அவர் மெஸ் தண்ணீரில் டீ போட்டு வரிசையாக ஆறு கிளாஸ் வைப்பார். நீலகிரி, அசாம், இரண்டும் சேர்ந்தது, புல் போட்டது, புதினா போட்டது, சுக்கு. நான் உறிஞ்சும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வறண்ட உதட்டோடு அப்படி ஒரு பார்வை. எனக்கோ ஆறும் வெந்நீர்தான்.

"எப்படி இருக்கு வே?"

"கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாருக்கும் பாய்."

வேறென்ன சொல்வது? மறுநாள் தூக்கலாகப் போடுவார். மறுபடியும் அதையே சொல்வேன். இப்படிப் பதினேழு நாள்.

பதினெட்டாம் நாள் காலை இரண்டு பேரும் மாட்டுங்காவுக்குப் போனோம். பாய் அங்கேயே டீ போட்டுக் கொடுத்தார். மீனாட்சியம்மாள் ஒரு வாய் குடித்தார். எழுந்துபோய் முற்றத்தில் துப்பினார். சுக்குமல்லியை முகர்ந்து பார்த்ததோடு சரி.

"என்ன பாய் இது? மனுஷா குடிக்கிறதா, கஷாயமா?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னுதுதாம்மா" என்றார்.

இவன்தான் ருசி பார்த்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் சொல்லாததால் நானே வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. "அம்மா, அவரு இத வாயிலயே வைக்கல. நோன்பு. நாந்தான் பாத்தேன். என் நாக்கு செத்த நாக்கும்மா, பொகையில" என்று உளறிக் கொட்டினேன்.

அந்தம்மாள் என் வாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பாயிடம் தணிந்த குரலில், "போனாப் போறது. நீங்களே ஒரு வாய் வச்சுப் பார்த்துக் கலந்து கொடுங்கோ. காத்துண்டிருக்கேன். சாயங்காலம் இன்னொருத்தர் வரார், அவரை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

பாய் அடுப்பில் கொதித்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மனதுக்குள் குடியும், குடியும் என்று கெஞ்சினேன்.

"நோம்புப் பெருநாள் கழிச்சு வாரேம்மா. அதுக்குள்ள அவருக்குக் குடுத்தீங்கன்னா எனக்கு வருத்தம் இல்ல."

அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஜனவரியிலிருந்து மெஸ்ஸில் வேறு தூள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு திட்டு, ஒரு முறைப்பு, எதுவும் இல்லை. ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் அழுதுகொண்டே ஏறினேன். முப்பத்தைந்து வயது ஆள், வெட்கமில்லாமல் அழுதேன்.

பெருநாள் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பட்டறை லீவு. பாய் கோவண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் தோளிலிருந்து பையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். எந்தெந்த வீடு என்று மட்டும் சொல்லும், ஞாயிறுதோறும் நானே போகிறேன் என்றேன். அவர் பையை என்னிடமே விட்டுவிட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"நாக்கா இரும்னு கேட்டேன், உம்மால முடியல. காலாவாவது இரும், போம்" என்றார்.