திறப்பால் சுட்ட தழும்பு

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையில் நிறுத்தினால் முதலில் நிற்பது இதுதான்: ஒரு சின்னக் கீறலுக்குப் பயந்து, அலுமாரிச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, சிவக்கக் காய்ச்சி, என் தோளில் நானே இரண்டு தரம் வைத்து அழுத்தினேன். சதை பொரிந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. வாய்க்குள் துவாயைத் திணித்துக்கொண்டு குசினிக் கோடியில் விழுந்து புரண்டேன். பெரியம்மை வராமல் அம்மைப்பால் குத்தினால் இதில் பத்தில் ஒரு பங்குகூட நோகாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பொய். எல்லாரும் சொன்னார்கள். நான்தான் நம்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆண் தாதிக்குப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குமுன். படிக்க வந்தவர்கள் எல்லாரும் அம்மைப்பால் குத்தியிருக்க வேண்டும் என்பது தாதிமாருக்குத் தலைவியான மேற்றனின் கட்டளை. அடுத்தவர் கையில் குத்துவதென்றால் நாங்கள் அத்தனை பேரும் சூரர். எங்கள் கை என்றதும் கதை வேறு. ஒருத்தன் மேல் ஆஸ்பத்திரி எடுபிடிகளான ஓடலிமார் இரண்டு பேர் ஏறியிருந்துதான் குத்தினார்கள். அவன் ஓர் ஓடலியின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டான். ஒருத்தி குத்திய கையோடு கிணற்றடிக்கு ஓடி, தேசிக்காயால் தேய்த்துத் தேய்த்து இரத்தம் வரக் கழுவினாள். அம்மாளாச்சி கோபிப்பா என்று அழுதவர்களும் உண்டு. நானோ, “வீட்டில் முன்னமே குத்தியாச்சு” என்று திறப்புத் தழும்பைக் காட்டினேன். மேற்றன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘நல்ல தழும்பு’ என்று மெச்சினார்.

கண்ணை வெட்டாமல் கையை நீட்டியவள் ஒருத்திதான். இறுப்பிட்டி என்ற ஊர், அதனால் எங்களுக்கு இறுப்பிட்டிக்காரி. எட்டு வயதில் தாயை அம்மைக்குக் கொடுத்தவள். அதன்பின் அவளை வளர்த்தது அக்கா. அந்த அக்கா நெடுந்தீவில் மாடு வளர்க்கும் ஒருவரைக் கட்டி, எட்டுமாதப் பெண் குழந்தையோடு இருந்தாள்.

நெடுந்தீவில் அம்மை கண்டுவிட்டது என்ற செய்தி வந்தது. அம்மைப்பால் குத்தும் உத்தியோகத்தர் உதவிக்கு இரண்டு பேர் கேட்டார். இறுப்பிட்டிக்காரி மேற்றனின் காலில் விழாத குறையாகக் கேட்டுப் புறப்பட்டாள். தழும்பு நன்றாக இருந்த குற்றத்துக்காக என்னையும் அனுப்பினார்கள். நான் வள்ளத்தில் வழி முழுக்கச் சத்தி எடுத்தேன். அவள் மட்டும் அம்மைப்பால் இருந்த பெட்டியை மடியில் வைத்து, அதைக் குளிர்த்த ஈரத்துணி காயாமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்காவின் பக்கத்து வளவில் முதல்நாள்தான் அம்மையில் செத்தவரின் பிரேதம் எடுத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேலிப் படலையில் அத்தான் நின்றார். தோளில் மாட்டுக்கயிறு. பின்னால் ஊர்.

“மச்சாள் நீர் உள்ளுக்கு வாரும், சாப்பிடும். உந்தப் பெட்டி வெளியில நிக்கட்டும்.”

“அத்தான், அக்கா அந்த வீட்டுக்குப் போய்ச் செத்தவருக்குத் தண்ணி பருக்கினவவாம். இண்டைக்குக் குத்தினால் தப்பலாம். பிந்தினால் ஒண்டும் செய்ய ஏலாது.”

“மாட்டில எடுத்த சீழை மனிசருக்குப் பூசுறதோ? மாட்டின்ர வருத்தம் எனக்குத் தெரியாதெண்டோ சொல்லுறீர்?”

குசினி வாசலில் குழந்தையோடு நின்ற அக்கா, “என்னப்பா, அவள் படிச்சவள். சொல்லுறதைக் கேளுங்கோவன்” என்றாள்.

அத்தான் கொஞ்சம் இளகினார். “சரி. குத்தின கை ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்.”

இறுப்பிட்டிக்காரி சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினாள். நல்ல தழும்பு, உண்மையான தழும்பு, அங்கே இருந்தது. அந்த நேரத்தில் என் வாயை ஈ மொய்த்திருக்கக் கூடாதா? “நான் நிக்க நீர் ஏன் காணும்?” என்று முன்னால் பாய்ந்து, வீரனைப்போல் தோளைத் திறந்து காட்டினேன்.

அத்தான் கிட்ட வந்தார். கட்டைவிரலால் தடவினார். ஒரு முறை வட்டமாக, ஒரு முறை குறுக்காக. பிறகு மெல்லச் சிரித்தார்.

“தம்பி, இது குத்தினதில்லை. சுட்டது.”

“இல்லை அண்ணை—”

“ரெண்டும் ஒரே வட்டம், ஒரே இரும்பு. ரெண்டாந்தரம் வைக்கேக்கை கண்டுக்குட்டி துள்ளியிருக்கு. பாரும், இந்தப் பக்கம் இழுபட்டுக் கிடக்கு.” ஊரைத் திரும்பிப் பார்த்தார். “ஆர் தம்பி உமக்குக் குறி வைச்சது? எந்தப் பட்டி?”

ஆண்டுதோறும் கன்றுகளை விழுத்திக் குறிசுடுகிற மனிதரிடம் போய்ச் சூட்டுத் தழும்பைக் காட்டிய ஒரே அறிவாளி நான்தான். ஊர் சிரித்தது. சிரிப்பு முடியுமுன் ஒரு கிழவர் கத்தினார்: “தனக்குக் குத்தாத வடுவா ராஸ்கல் எங்கட பிள்ளையளுக்குக் குத்த வந்திட்டான்!”

வேலியிலிருந்து முதல் கல் வந்தது. கடலில் எடுத்த முருகைக்கல், முள்ளு முள்ளாக. அது உத்தியோகத்தரின் முழங்காலைப் பிளந்தது. அவர் குடையை வீசி ஒருவரின் நெற்றியை உடைத்தார். குடையைப் பறித்து அதனாலேயே அவரின் பல்லைக் கழற்றினார்கள். பனைமட்டைகள் இறங்கின. பெட்டி கவிழ்ந்து, பால் அடைத்த மயிர்போன்ற கண்ணாடிக் குழாய்கள் காலடியில் நொறுங்கின. நான் ஓடினேன். பத்தடி. கயிறு கழுத்தில் விழுந்தது. இழுத்த இழுவையில் நிலத்தில் முகம் தேய்ந்து மூக்கால் இரத்தம் கொட்டியது. கன்றை விழுத்துவதுபோலவே விழுத்தி, கைகால் நாலையும் சேர்த்துக் கட்டி, அத்தான் என் கழுத்தில் முழங்காலை ஊன்றினார்.

இறுப்பிட்டிக்காரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். காப்பாற்ற வருகிறாள் என்று நம்பினேன். வந்தவள் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மறு கன்னத்திலும். பிறகு மண்ணைக் கிளறி, உடையாமல் தப்பிய சில குழாய்களைப் பொறுக்கினாள்.

“அத்தான், உவனை அப்பிடியே அமத்திக்கொள்ளுங்கோ.”

கத்தி நுனியால் என் தோளில் நாலு இடத்தில் கீறினாள். கீறினாள் என்பது மரியாதைக்கு, உழுதாள். நான் போட்ட கூச்சலில் பட்டியில் நின்ற மாடுகள் திரும்பிப் பார்த்தன. பாலை ஊற்றித் தேய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இப்ப அக்காவுக்கும் பிள்ளைக்கும் குத்தட்டோ?”

“இவனுக்குப் பழுக்கட்டும். சாகாமல் கிடந்தால் குத்துவம்.”

“அதுக்கு எட்டு நாள் செல்லும் அத்தான்! என்ர கையைப் பாருங்கோ, இது உண்மையானது!” தோளைத் திறந்துகொண்டு அவர் காலில் விழுந்தாள்.

அவர் பார்க்கவேயில்லை. “உந்தத் தழும்பை ஆர் சுட்டதோ” என்றார்.

எட்டு நாளும் மாட்டுக்கொட்டிலில் என்னைக் கட்டி வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் ஊர் வந்து என் கையைப் பார்த்துப் போனது. இறுப்பிட்டிக்காரியும் வந்தாள். கையை மட்டும் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கொப்புளம் எழுந்தது. எட்டாம் நாள் தோள் பனங்காய்போல் வீங்கி, காய்ச்சலில் பிதற்றினேன். ஒன்பதாம் நாள் விடியக் கண் விழித்து, பசிக்குது என்றேன். அத்தான் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தானே மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவந்தார். பிறகு ஊர் முழுக்க வரிசையில் நின்றது. பல் இல்லாத உத்தியோகத்தர் புதுக்குழாய்கள் எடுப்பித்துக் குத்தினார்.

குத்திய மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியது.

அதை விவரிக்க எனக்கு வராது. பகிடி விட்டுப் பழகிய வாய் இது. முகம் முகமாக இருக்கவில்லை. பாயிலிருந்து தூக்கினால் தோல் பாயோடு நின்றது. வலியில் தங்கையின் கையைக் கடித்தாள், அவள் கையை இழுக்கவில்லை. பத்தாம் நாள் முடிந்தது. அத்தான் முருகைக்கல் மதிலில் தலையை மோதி மோதி உடைத்தார். நாலு பேர் பிடித்தும் ஏலவில்லை. பிறகு கத்தியோடு என்னைத் தேடி வந்தார். கிட்ட வந்ததும் கத்தியைப் போட்டுவிட்டு, என் தோள் தழும்பின்மேல் முகத்தை வைத்து அழுதார். வெட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

குழந்தையின் கையில் நாலு கொப்புளமும் அழகாகப் பழுத்துக் காய்ந்திருந்தன. அதற்கு ஒன்றுமே வரவில்லை.

அம்மைக்காக அடைத்திருந்த தீவைத் திறந்ததும் வள்ளம் ஏறினோம். அத்தான் குழந்தையைத் தங்கையிடமே கொடுத்துவிட்டார். அவள் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், அதை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் எதிரே, என் நிழல் குழந்தையின்மேல். நடுக்கடலில் எனக்குப் பொறுக்கவில்லை. ஆடுகிற வள்ளத்தில் எழும்பி நின்றேன்.

“அண்டைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் உம்மட அக்கா இருந்திருப்பா. ஏசுமன். அடியுமன். கடலுக்குள்ள தள்ளிவிடுமன். ஏதாவது சொல்லும் காணும்.”

“இருந்த இடத்தில இரும், பிள்ளையில வெயில் படுது.”